இளைய மெக்கஃபின் என்னதான் சொன்னான்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்காட்லாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் கூடத்தில் 'பிரேவ்' படம் போட்டோம். பழைய ஸ்காட்லாந்தில் நடக்கும் கார்ட்டூன் படம்: கல்யாணம் வேண்டாம் என்கிற ஓர் இளவரசி சூனியக்காரியிடம் மந்திரம் வாங்க, அதனால் அவள் தாய் கரடியாகிவிடுகிறாள். தாத்தா பாட்டியைப் பார்க்க வரும் பேரப்பிள்ளைகளுக்காகப் போட்டது. வெளியே மழை என்றும் சொல்ல முடியாத, மூடுபனி என்றும் சொல்ல முடியாத ஒரு நசநசப்பு. இங்கே அதற்கு 'ட்ரீஹ்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் நாற்காலிகளில், நான் தேநீர்த் தட்டோடு வாசலில்.

படத்தில் இளைய மெக்கஃபின் என்று ஒருவன் வருவான். மலை மாதிரி உடம்பு, கூச்சம் பிடித்த முகம். அவன் வாய் திறந்தால் சுற்றியிருப்பவர்கள் ஒன்றும் விளங்காமல் விழிப்பார்கள். சிரிப்பதற்காகவே வைத்த இடம். எங்கள் கூடத்திலும் சிரித்தார்கள். ஆனால் முதலில் சிரித்தது பிள்ளைகள் அல்ல. அவன் பேசி முடிப்பதற்குள் பின்வரிசைத் தாத்தாக்கள் இரண்டு பேர் கைதட்டி விட்டார்கள். அவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவன் எதிரே விழித்துக்கொண்டு நிற்கும் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் அந்த இடத்தில் தப்பாகச் சிரித்த கூட்டத்தைச் சேர்ந்தவள். படம் 2012-இல் வந்தது, அடுத்த ஆண்டு ஆஸ்கரும் வாங்கியது. அப்போது ஊரில் மடிக்கணினியில் பார்த்தேன். நடிகர் வாய்க்கு வந்ததை உளறியிருக்கிறார் என்றே நினைத்தேன். பிறகு வேலை என்னை ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்துப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. முதல் வாரம் ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்து, "ஃபிட் லைக்?" என்று கேட்டார். புதுச் சீருடை பொருந்துகிறதா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று, "தோள்பட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது" என்றேன். பாட்டி அன்று மாலைவரை சிரித்தார். அவர் கேட்டது 'எப்படி இருக்கிறாய்' என்று.

அந்தப் பேச்சுக்கு டோரிக் என்று பெயர். ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் பேசும் ஸ்காட்ஸ் மொழியின் வட்டார வழக்கு. ஆங்கிலத்தில் 'wh' என்று எழுதத் தொடங்கும் கேள்விச் சொற்களை இவர்கள் 'ஃப' ஆக்கிவிடுவார்கள். ஃபிட் என்றால் என்ன, ஃபார் என்றால் எங்கே, ஃபா என்றால் யார். பையன் 'லூன்', பெண் 'க்வைன்'. நலம் விசாரிக்க இன்னொரு வழியும் உண்டு: "ஃபூஸ் யேர் டூஸ்?" உங்கள் புறாக்கள் எப்படி இருக்கின்றன என்று பொருள். "ஆய் பெக்கின்" என்று பதில் சொல்ல வேண்டும், கொத்திக்கொண்டேதான் இருக்கின்றன. இப்படி நலம் விசாரிக்கிற மக்களை எனக்குப் பிடிக்காமல் போக வழியே இல்லை.

இளைய மெக்கஃபினுக்குக் குரல் கொடுத்தவர் கெவின் மெக்கிட். வடகிழக்கில் மொரே பகுதியின் எல்கின் ஊர்க்காரர். அந்தப் பையன் பேசுவது அவர் ஊர்ப் பேச்சு. வேடிக்கை என்னவென்றால், படத்தில் அப்பா மெக்கஃபினுக்கும் அவரே குரல். அப்பா பேசினால் உலகத்துக்கே புரிகிறது, மகன் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கும் புரிவதில்லை. (மெக்கஃபின் என்ற பெயரே திரைக்கதைக்காரர்களின் உள்வட்ட நகைச்சுவை. கதையில் எல்லோரும் துரத்தும், ஆனால் தனக்கென்று பெரிய பொருள் இல்லாத வஸ்துவுக்கு அப்படிப் பெயர். அந்தப் பெயரை இந்தப் பையனுக்குப் போய் வைத்தார்களே என்று எனக்கு இப்போது கொஞ்சம் வருத்தம்.)

சரி, அவன் என்ன சொல்கிறான்? கடைசிப் பகுதியில், இளவரசி மெரிடாவை யாருக்குக் கட்டிவைப்பது என்று தலைவர்கள் மல்லுக்கு நிற்கும் மண்டபத்தில், அவன் சொல்வதன் சாரம் இதுதான்: இதில் துளியும் விருப்பமில்லாத ஒரு பெண்ணின் கைக்காக எங்களைச் சண்டை போட வைப்பது நியாயமே இல்லை. படத்தின் மொத்த நியாயமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இளவரசி அம்பெய்து, தாய் கரடியாகி, காடு மேடெல்லாம் அலைந்து கண்டடைகிற உண்மையை இவன் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுகிறான். அதில் 'பெண்' என்பதற்கு அவன் சொல்லும் சொல் க்வைன். ராணியைக் குறிக்கும் 'க்வீன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அது உடன்பிறப்பு, இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. மகளை ராணியாக்கியே தீருவேன் என்று ஒரு தாய் படம் முழுக்கப் பாடுபடுகிறாள். அபர்தீன் சந்தையில் மீன் வாங்க வரும் எந்தப் பெண்ணும் பிறந்ததிலிருந்தே க்வைன்தான்.

என்னை உறுத்துவது இனிமேல்தான் வருகிறது. அதே காட்சியில், சற்று முன்பு, கரடியாகிவிட்ட அரசி எலினோர் பின்னால் நின்றுகொண்டு கைகால்களால் சைகை காட்டுகிறாள். மெரிடா அதைப் பார்த்துப் பார்த்துச் சபைக்குப் பேச்சாக்கிச் சொல்கிறாள். அழகான காட்சி, தாயும் மகளும் முதன்முறையாக ஒருவரையொருவர் கேட்கும் இடம். ஆனால் கரடியின் சைகையை மொழிபெயர்க்க ஆள் இருக்கும் அந்த மண்டபத்தில், வடகிழக்குக்காரன் ஒருவன் பேசுவதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அந்தச் சிரிப்பை நீக்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது நல்ல சிரிப்பு. மூலையில் ஒரு கிழவி நின்று "சரியாகத்தானே சொல்கிறான் பையன்" என்று தலையாட்டியிருந்தால் போதும்.

மற்றவர்களின் பேச்சையும் கவனித்துப் பாருங்கள். மரியாதை, நடை, உட்காரும் விதம் என்று பாடம் எடுக்கும் அரசிக்குச் சுத்தமான, இஸ்திரி போட்ட ஆங்கிலம். குரல் எம்மா தாம்ப்சன். அப்பா ஃபெர்கஸும் மகள் மெரிடாவும் கிளாஸ்கோவில் பிறந்தவர்களின் குரல்கள், பில்லி கானலியும் கெல்லி மெக்டொனால்டும். மெரிடா கோபத்தில், 'ஸ்காஃபி' சூனியக்காரி 'கேமி' மந்திரம் கொடுத்துவிட்டாள் என்று பொருமுவாள். கேமி என்றால் நொண்டி, ஒன்றுக்கும் ஆகாதது. ஸ்காஃபி என்பது தெருக் கூட்டுபவரைக் குறிக்கும் ஸ்காட்ஸ் சொல். அதுவே அழுக்குப் பிடித்த என்ற வசையாகவும் ஆகியிருக்கிறது. உழைப்பவரின் பெயரை வசையாக்குவதில் எந்த மொழியும் சளைத்ததில்லை. ஆக நாகரிகம் ஒரு படி இறங்க இறங்க ஸ்காட்ஸ் ஒரு படி ஏறுகிறது, அடிப்படியில் இளைய மெக்கஃபின்.

வரலாற்றைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நின்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதை நடப்பது இடைக்காலத்து ஹைலேண்ட்ஸ் மலைகளில். அங்கே அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது கேலிக், ஸ்காட்ஸிலிருந்து முற்றிலும் வேறான ஒரு மொழி. அது படத்தில் தாலாட்டாக மட்டும் எட்டிப் பார்க்கிறது. கூடவே, நார்த் யூயிஸ்ட் தீவில் வளர்ந்த கேலிக் பாடகி ஜூலி ஃபௌலிஸின் குரல் ஆங்கிலப் பாட்டுகளில் வருகிறது. வில்லன் கரடியின் பெயர் மோர்டு. கேலிக் காதுக்குப் பெரியது, கறுப்பு என்ற இரண்டு சொற்கள் அதில் கேட்கும். பாட்டுக்கும் பயத்துக்கும் கேலிக், சிரிப்புக்கு ஸ்காட்ஸ், அறிவுரைக்கு ஆங்கிலம். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டார்கள். திட்டமிடாமலே இப்படி அமைவதுதான் எனக்கு உறுத்தல்.

2010-இல் வந்த, டிராகன் பழக்கும் 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வைக்கிங் அப்பாக்கள் ஸ்காட்லாந்து ஆங்கிலம் பேசுவார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் அமெரிக்க ஆங்கிலம் பேசுவார்கள். ஒரே வீடு, ஒரே சோறு! ஸ்காட்லாந்துக் குரல் என்றால் பழசு, முரடு, தாடி. எதிர்காலம் அமெரிக்கா.

"இது தனி மொழியா என்ன, தப்பாகப் பேசும் ஆங்கிலம்தானே" என்று போன பதிவில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். அவருக்கு: ஸ்காட்ஸும் ஆங்கிலமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று தலைநகருக்குப் போய் வேலையில் அமர்ந்தது, மற்றது ஊரில் தங்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேச வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வ மொழித் தகுதி தரும் சட்டம் 2025-இல்தான் வந்தது. கைதட்டிய தாத்தாக்களில் ஒருவர், பள்ளியில் 'என்ன' என்பதற்கு ஃபிட் என்று சொன்னதற்காகத் தோல்வாரால் உள்ளங்கையில் அடி வாங்கியவர். அந்தக் கையை நீட்டிக் காட்டி, எந்த விரல் வரை வார் சுற்றி வரும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போய் இங்கிலீஷ் பேசினால், பெரிய மனுஷன் ஆகிவிட்டாயோ என்று அம்மாவிடம் இன்னொரு அடி.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேரன் லண்டனிலிருந்து வந்திருந்தான். ஏழு வயது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு திரும்பி, "தாத்தா, அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டான். தாத்தா என்னைப் பார்த்துப் படத்தை நிறுத்தச் சொன்னார். வரியை டோரிக்கில் ஒருமுறை சொன்னார், பிறகு பேரனுக்குப் புரியும் ஆங்கிலத்தில் ஒருமுறை. பையன் சொல்லிப் பார்த்தான். க்வைன் உடனே வந்துவிட்டது. சண்டை என்பதற்கான 'ஃபெஹ்ட்' மட்டும் தொண்டையில் நிற்கவில்லை, 'ஃபெக்ட்' என்று ஓடியது. "நாக்கை விடு, மூச்சைப் பிடி" என்று தாத்தா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். மூன்று முறை பின்னால் ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். தட்டில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை.