அஞ்சு நிமிஷம் நிக்க முடியாதா?

நேற்றிலிருந்து வயிறு எரிகிறது. எழுதினால்தான் தூக்கம் வரும்.

எனக்கு 46 வயது. ஒன்றரை வயதில் போலியோ வந்தது, அன்றிலிருந்து இரண்டு காலும் ஊன்றாது. சக்கர நாற்காலிதான். அம்மாவுக்கு 54 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்ததால், என்னையும் மேமோகிராம் (மார்பைத் தட்டுகளுக்கு நடுவே அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. சோம்பலில் தள்ளிப் போட்டேன் என்று நினைக்க வேண்டாம். நேற்றுப் போனது மூன்றாவது இடம்.

முதல் நாளே போன் செய்தேன். சக்கர நாற்காலியில் வருவேன், வசதி இருக்கிறதா? "எல்லாம் இருக்கு மேடம், வாங்க." லீவு போட்டு, 1,200 ரூபாய்க்குக் கார் பேசி, தம்பி மனைவியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் சாய்வுதளம் இருந்தது. ஆனால் உடை மாற்றும் அறைக்குள் நாற்காலி நுழையவில்லை. ஆள் நடமாடும் இடத்திலேயே ஒரு திரையை இழுத்துவிட்டு மாற்றச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன்.

உள்ளே இருந்த டெக்னீஷியன் என் முகத்தையே பார்க்கவில்லை. தம்பி மனைவியிடம் கேட்கிறார்: "இவங்க எழுந்து நிப்பாங்களா?" வாய் எனக்கும் இருக்கிறதே! நிற்க முடியாது என்று நான்தான் சொன்னேன். "ஒரு அஞ்சு நிமிஷம் சமாளிச்சு நிக்க முடியாதா? நாங்க பிடிச்சுக்கிறோம்."

44 வருடமாக நிற்காத கால் இவர்கள் மெஷினுக்காக நிற்குமா?

மெஷினை இறக்குங்கள் என்றேன். ஆளின் உயரத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிற மெஷின்தான் அது. உட்கார்ந்தபடியும் எடுக்கலாம். நாற்காலியின் கைப்பிடியைக் கழற்றி, முதுகுக்குத் தலையணை வைத்து, ஒருவர் பக்கத்தில் நின்று உதவினால் போதும். கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். "அப்படி எடுத்துப் பழக்கமில்லை, அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கோங்க, அது போதும்" என்றார்கள். போதாது! கட்டி கையில் தட்டுப்படும் முன்பே சிலருக்கு மார்பில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரியும், அது புற்றுநோயின் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். அவை மேமோகிராமில்தான் தெளிவாகத் தெரியும். அல்ட்ராசவுண்ட் கூடச் சேர்த்துப் பார்ப்பதற்கு, அதற்குப் பதிலாக அல்ல.

கிளம்பும்போது ஒரு சிஸ்டர் ஆறுதலாகச் சொன்னார்: "கல்யாணம் ஆகலைதானே, ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க." அங்கேதான் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை பெறாதவர்களுக்கும், பால் கொடுக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியாதா? காலைப் பார்த்துத்தான் என்னைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை. இப்போது கல்யாணம் ஆகாததைச் சொல்லிப் பரிசோதனையும் வேண்டாம் என்கிறார்கள்.

காது கேளாத என் தோழிக்கு நடந்தது வேறு. தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு "மூச்சைப் பிடிங்க" என்றார்களாம். அவளுக்கு எப்படித் தெரியும்? படம் கலங்கிப்போய், மறுபடி மறுபடி நசுக்கி எடுத்திருக்கிறார்கள். கையைத் தூக்கினால் மூச்சைப் பிடி என்று முதலிலேயே காட்டியிருந்தால் அந்த வலி அவளுக்கு இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, எல்லாப் பகுதிக்கும் நாங்கள் தடையில்லாமல் போக வழி இருக்க வேண்டும் என்று அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது. எல்லாப் பகுதி என்றால் வாசல் மட்டுமா? உடை மாற்றும் அறையும் மெஷின் இருக்கும் அறையும் அதில் சேராதா? ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்று அந்த வாசலிலேயே பேனர் கட்டியிருக்கிறார்கள். அது எனக்கும் சேர்த்துத்தானே?

இன்று காலை நாலாவது இடத்துக்குப் போன் போட்டேன். வசதி இருக்கிறதா என்று கேட்கவில்லை. மெஷின் தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை இறங்கும், உடை மாற்றும் அறைக் கதவு எத்தனை அங்குலம் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.