அது தண்ணீர் விளையாட்டு இல்லை, கணக்குப் பாடம்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது வராத வாட்ஸ்அப் குழுவே இல்லை போலிருக்கிறது. மதில் சுவருக்கு வெளியே நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்து எடுத்திருக்கிறார்கள். வராந்தாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டம்ளரால் மொண்டு மொண்டு பாட்டிலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். டீச்சரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். "சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட விடுகிறார்கள்" என்று மேலே எழுதி அனுப்பிவிட்டார்கள். இப்போது அந்த டீச்சர் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நானும் இதே மாவட்டத்தில் இடைநிலை ஆசிரியைதான். அதனால் சொல்கிறேன், அந்த வீடியோவில் நடப்பது பாடம். மூன்றாம் வகுப்புக் கணக்கில் அளவைகள் உண்டு. அதைத்தான் அவர் நடத்துகிறார்.

ஒல்லியான, உயரமான பாட்டில் ஒன்று. வாய் அகன்ற குண்டான் ஒன்று. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றி, எதில் அதிகம் என்று ஒரு சின்னப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். உயரமானதைத்தான் காட்டும். ஏழு வயது வரைக்கும், சில பிள்ளைகள் அதற்கு மேலும், அப்படித்தான் சொல்வார்கள். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் எல்லாரும் படித்ததுதான். "இரண்டிலும் சமம்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளை அதைப் பார்த்து எழுதிவிடும், ஆனால் நம்பாது. தானே ஒரு டம்ளரால் மொண்டு ஊற்றி, இதற்கும் ஐந்து, அதற்கும் ஐந்து என்று எண்ணிப் பார்த்தால்தான் நம்பும். அந்த டம்ளர் 200 மில்லி. ஐந்து டம்ளர் ஊற்றினால் ஒரு லிட்டர். வீடியோவைச் சத்தம் வைத்துப் பார்த்தால் பிள்ளைகள் எண்ணுவது கேட்கும். அனுப்பியவர்களில் எத்தனை பேர் சத்தம் வைத்துப் பார்த்தீர்கள்?

தண்ணீர் வீணாகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு குடம் தண்ணீர் ஐயா. அதுவும் முருங்கைக்குப் போயிருக்கும்.

"எங்கள் காலத்தில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்தோம், நன்றாகத்தான் இருக்கிறோம்" என்கிறார்கள். சரி. வாய்ப்பாடு வேண்டாம் என்று எந்த டீச்சர் சொன்னார்? என் வகுப்பில் தினமும் சொல்ல வைக்கிறேன். ஆனால் 52இல் இருந்து 28ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் 36 என்று எழுதுவார்கள். இரண்டில் எட்டு போகாதே, அதனால் எட்டில் இரண்டைக் கழித்து ஆறு, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. "பக்கத்துல கடன் வாங்கு" என்று தொண்டை வற்றக் கத்தினாலும் நாளைக்கும் அதே 36தான்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வேப்பனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலை, இவன் பாட்டியிடம். கணக்கு நோட்டை எடுத்தாலே வயிற்று வலி என்பான். அவனுக்கு ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இதிலிருந்து 28 எனக்குக் கொடு என்றேன். இரண்டு கட்டை நீட்டினான். எட்டுக் குச்சிக்கு உதிரியைப் பார்த்தான், இரண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். அவ்வளவுதான். கடன் வாங்குவது என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் பேசும் தமிழ் அவனுக்குப் பாதிதான் புரியும். குச்சி முழுசாகப் புரிந்தது.

அன்றைக்கு யாராவது சுவருக்கு வெளியே நின்று படம் எடுத்திருந்தால், "குச்சி வைத்து விளையாடுகிறார்கள்" என்று என் பெயரும் ஊரெல்லாம் சுற்றியிருக்கும்.

இது அந்த டீச்சர் தானாகக் கிளப்பிய புது வழக்கமும் இல்லை. பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், கற்றல் ஏணி, பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை என்று அப்போதே பார்த்திருப்பீர்கள். டீச்சர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்ததும் அப்போதுதான். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலை பார்த்துச் செயல்பாடு கொடுக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சியே நடக்கிறது. சொன்னதைச் செய்தவருக்கு விளக்கக் கடிதம்.

சில இடங்களில் இந்தப் பொருட்களைச் சுவரில் மாட்டிப் போட்டோ எடுப்பதோடு சரி என்பார்கள். இருக்கலாம். அதற்கும் இந்த டீச்சருக்கும் என்ன சம்பந்தம்? இவர் பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுத்ததற்குத்தானே திட்டு வாங்குகிறார்?

பெற்றோர் கேள்வி கேட்கக் கூடாதா என்று வருவீர்கள். கேளுங்கள். பெற்றோரும் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழு எதற்கு இருக்கிறது? பள்ளிக்கூட வாசல் திறந்துதானே கிடக்கிறது? உள்ளே வந்து, "டீச்சர், என்ன பண்றீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உங்கள் கையிலும் ஒரு டம்ளரைக் கொடுத்து உட்கார வைத்திருப்பார். ஒளிந்து நின்று படம் எடுப்பது கேள்வி கேட்பது ஆகாது.

எனக்குக் கோபம் எதனால் தெரியுமா? இதே தண்ணீர், இதே டம்ளர், ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் கலர் கலர் பிளாஸ்டிக்கில் வந்தால் அதற்கு 'ஆக்டிவிட்டி' என்று பெயர். அதற்குத் தனிக் கட்டணம் கட்டிவிட்டு, பிள்ளையின் போட்டோவை ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அரசுப் பள்ளியில் பழைய பாட்டிலைக் கழுவி எடுத்து வந்து ஒருவர் அதையே செய்தால் சம்பளக் கணக்கு பார்க்கிறோம். கூலிக்காரர் பிள்ளைகள் கை கட்டி, வாய் பொத்தி உட்கார்ந்து பார்த்து எழுதினால் போதும் என்று யார் முடிவு செய்தது? அவர்கள் சிரித்துக்கொண்டே படித்தால் உங்களுக்கு ஏன் உறுத்துகிறது?

அந்த டீச்சரிடம் நேற்று பேசினேன். தண்ணீருக்கு அடுத்து எடை. தராசு செய்ய அட்டையும் கயிறும் எடுத்து வைத்திருந்தாராம். "இப்ப வேணாம்க்கா, கொஞ்ச நாள் போர்டுலயே நடத்திடறேன்" என்றார். இருபது வரி கருத்து எழுதியவர்களே, அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்தது இதுதான். எடைப் பாடம் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையின் முகத்தையும் மறைக்காமல் அந்த வீடியோவைப் போட்டிருக்கிறீர்கள். எட்டு வயதுப் பெண் குழந்தைகள் அவர்கள். அவர்கள் வீட்டில் யாரைக் கேட்டீர்கள்? இதை எழுதும் இந்த நேரம் வரைக்கும் அது குழுவில்தான் கிடக்கிறது. போட்டவர் முதலில் அதை நீக்குங்கள். மற்ற விவாதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே வந்து வைத்துக்கொள்ளலாம், நானும் வருகிறேன்.