ஜன்னலுக்குக் கம்பி போடாம அம்மாவத் திட்டி என்ன பிரயோஜனம்

2024 ஏப்ரல்ல சென்னைப் புறநகர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல, பால்கனிலருந்து தவறி கீழ இருந்த கூரை ஷீட் மேல விழுந்து அதோட விளிம்புல ஒட்டிக்கிட்டு இருந்த கைக்குழந்தையோட வீடியோ உங்க எல்லார் போனுக்கும் வந்திருக்கும். கீழ ஜனங்க பெட்ஷீட்ட விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, ஒருத்தர் ஜன்னல் வழியா வெளிய ஏறி நின்னு குழந்தைய எட்டிப் பிடிச்சு இறக்குனாரு. குழந்தை பொழச்சுது. ஆனா அதுக்கப்புறம் அந்த அம்மாவ இதே முகநூல்ல, யூட்யூப் கமெண்ட்ல, டீக்கடைல என்னென்ன பேசுனாங்கன்னு நமக்குத் தெரியும். ஒரு மாசத்துக்குள்ள அவங்க உயிரோட இல்ல. இத எழுதும்போது இப்பவும் எனக்கு மனசு ஆறல.

அவ்ளோ பேசுனோமே, அதுல எத்தன பேரு கைப்பிடிச்சுவர் எவ்ளோ உயரம், கம்பிக்குக் கம்பி எவ்ளோ இடைவெளி, வீட்டக் கட்டிக் குடுத்தவருக்கு இதுல பொறுப்பு இல்லையான்னு கேட்டாங்க? நான் படிச்ச வரைக்கும் எல்லாமே "பெத்தவளுக்கு கவனம் வேணாமா" தான். கவனம் வேணும்தான், யாரு இல்லேன்னா. ஆனா ரெண்டு வயசுக் குழந்தை உள்ள வீட்ல ஒரு பொம்பள சமைக்கணும், துணி காயப்போடணும், பாத்ரூம் போகணும், காலிங் பெல் அடிச்சா கதவு தொறக்கணும். கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே இருக்கறதுங்கறது யாராலயும் முடியாத விஷயம். முடியாதத ஒருத்தர் தலைல கட்டிட்டு, தப்பு நடந்ததும் அவங்களயே குத்தம் சொல்றது நியாயமே இல்ல. ஒரு நிமிஷம் கண்ண எடுத்தாலும் குழந்தைக்கு ஒண்ணும் ஆகாத மாதிரி ஜன்னல் இருக்கணும். நான் சொல்ல வர்றது அவ்ளோதான்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், குழந்தைங்க ஜன்னல்லருந்து குதிக்கறது இல்ல, எட்டிப் பாக்கறாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு உடம்போட ஒப்பிட்டா தல ரொம்ப கனம், பெரியவங்களுக்கு இடுப்புக்கிட்ட இருக்கற எடையோட மையம் இவங்களுக்கு இன்னும் மேல, நெஞ்சுப் பக்கமா இருக்கு. அதனால விளிம்பப் பிடிச்சுக்கிட்டு கீழ நாய் போகுதா வண்டி வருதான்னு கொஞ்சம் சாஞ்சா போதும், கால் தரைய விட்டுத் தூக்கிடும், அப்புறம் பின்னால வர்ற அளவுக்குக் கைல பலம் கெடையாது. ஒன்றரை வயசுலருந்து நாலு அஞ்சு வயசு வரைக்கும் ரொம்ப ஆபத்து, ஏன்னா ஏறத் தெரியும், பயம் தெரியாது.

இதுல நம்ம வீட்டுப் பழக்கம் ஒண்ணு இருக்கு, சொன்னா பாட்டிமாருக்குக் கோவம் வரும். சோறு ஊட்டும்போது குழந்தையத் தூக்கி ஜன்னல் திண்டுல உக்கார வச்சு "காக்கா பாரு, நிலா பாரு, அங்க பாரு பஸ்சு"ன்னு காட்டிக் காட்டி ஒவ்வொரு வாயா ஊட்டுவோம். தரை வீட்ல, திண்ணைல, முத்தத்துல வச்சு ஊட்டுன வரைக்கும் அது அழகு. ஆறாவது மாடில அதயே செஞ்சா, தினம் மூணு வேளயும் அந்தக் குழந்தைக்கு நாம சொல்லிக் குடுக்கறது என்னன்னா இந்த ஜன்னல் திண்டுதான் வீட்லயே ஜாலியான எடம்னு. நாம இல்லாத நேரத்துலயும் அது அங்கதான் போகும், அதுக்குத் தெரிஞ்சது அதான். காக்கா காட்டுங்க, வேணாங்கல, ஜன்னல்லருந்து ரெண்டடி தள்ளி இடுப்புல வச்சுக்கிட்டுக் காட்டுங்க, திண்டுல மட்டும் உக்கார வைக்காதீங்க.

அடுத்தது கொசுவலை. இத நான் எத்தனயோ வீட்ல பாத்துட்டேன், ஸ்லைடிங் ஜன்னல முழுசா தள்ளித் தொறந்து வச்சுட்டு "அதான் நெட்டு போட்டிருக்கோமே"ம்பாங்க. வெல்க்ரோ ஒட்டுன வலையோ, ஸ்லைடிங் ஃப்ரேம்ல வர்ற மெஷ்ஷோ, கொசுவத் தடுக்கறதுக்குச் செஞ்சது. பத்து பன்னண்டு கிலோ குழந்தை சாஞ்சா ஃப்ரேமோட கழண்டு வந்துடும். வலை இல்லாத ஜன்னல்கிட்ட பெரியவங்க உஷாரா இருப்பாங்க, வலை இருந்தா அந்த உஷாரும் போயிடுது, அதான் எனக்கு ரொம்ப பயம். பால்கனில புறாவுக்குக் கட்டற நைலான் வலையும் இதே கததான், வெயில்ல ஒண்ணு ரெண்டு வருஷத்துல நூல் மொடமொடன்னு ஆயிடும், கையால இழுத்தாலே அறுந்துடும், அத நம்பிக் குழந்தைய பால்கனில விளையாட விடாதீங்க.

கட்டில், சோபா, திவான், ஸ்டூல், துணி போடற கூடை, இதெல்லாம் ஜன்னலுக்குக் கீழ இருந்தா இன்னைக்கே நகத்திப் போடுங்க, இதுக்குப் பைசா செலவு இல்ல. சின்ன வீடு, வேற எடமே இல்ல, கட்டில் அங்கதான் போட முடியும்னா அந்த ஜன்னலுக்குத்தான் மொதல்ல கிரில் போடணும். பால்கனில பூந்தொட்டி, பழைய பக்கெட், ஏசி அவுட்டோர் யூனிட் இதுங்களும் ஏற வசதியான படிதான். குழந்தை கண்ணு ஒசரத்துக்குக் குனிஞ்சு ஒரு தடவ வீடு பூரா நடந்து பாருங்க, எங்கெங்க ஏறலாம்னு உங்களுக்கே தெரியும்.

கிரில் விஷயத்துக்கு வர்றேன். எங்க ஏரியால பட்டறை வச்சிருக்கற ஒரு அண்ணன்கிட்ட அக்கா வீட்டு ஜன்னலுக்கு அளவு எடுக்கக் கூப்பிட்டோம். அக்கா மொபைல்ல ஒரு டிசைன் காட்டுச்சு, குறுக்கால பட்டை பட்டையா வரும், இப்ப புது வீடுங்கள்ல அதான் ஃபேஷன். அவர் பாத்த ஒடனே "இது வேணாம்மா, பிள்ள இருக்கற வீட்டுக்கு நேர்க்கம்பிதான்"னாரு. "எதுக்குண்ணா"ன்னு கேட்டதும், பக்கத்துல நின்னுட்டு இருந்த அக்கா பையன அவங்க பழைய குறுக்குக்கம்பி வாசல் கேட்டுக்கிட்ட விட்டாரு, அவன் மூணு பட்டைல கால் வச்சு சரசரன்னு மேல போயிட்டான். அக்கா அதுக்கு மேல டிசைன் பத்திப் பேசவே இல்ல. குறுக்குக் கம்பி போட்டா ஏணி மாட்டிக் குடுத்த மாதிரிதான், முழு ஜன்னலும் மூடியிருந்தாப் பரவால்ல, பாதி உயரத்துக்குப் போட்ட கிரில்லும் பால்கனி கைப்பிடியும் குறுக்குக் கம்பில இருக்கவே கூடாது.

கம்பிக்கு நடுவுல இடைவெளி 4 இஞ்சுக்கு மேல போகக் கூடாது, அதாவது 10 சென்டிமீட்டர், அதுக்கும் கம்மியா இருந்தா இன்னும் நல்லது. 5, 6 இஞ்ச் விட்டா கம்பி மிச்சம், கூலி மிச்சம், ஆனா குழந்தை காலயும் உடம்பயும் விட்டு நுழைஞ்சுடும், தல மட்டும் மாட்டிக்கும், அது விழறதவிடக் கொடும. இன்னொண்ணு, கம்பி எவ்ளோ தடியா இருந்தாலும் அது சுவத்துல எப்டி நிக்குதுங்கறதுதான் விஷயம். யுபிவிசின்னு சொல்ற பிளாஸ்டிக் ஃப்ரேம் மேல நாலு ஸ்க்ரூ போட்டு நிறுத்துன கிரில் குலுக்குனா ஆடும். சுவத்துக்குள்ள போற மாதிரி ஆங்கர் போல்ட்டோ, கிளாம்ப்போ போடச் சொல்லுங்க, போட்டு முடிச்சதும் நீங்களே ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்துப் பாருங்க, வெக்கப்படாதீங்க. கடலோரமா இருக்கறவங்க, திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் பக்கம், வருஷா வருஷம் கிரில்லோட அடிக்காலப் பாக்கணும். உப்புக்காத்துல மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும், கீழ சுவத்துல போற எடத்துல துரு அரிச்சு வெறும் தகடா நிக்கும்.

ஆனா எல்லா ஜன்னலயும் பூட்டிக் கூண்டாக்கிடாதீங்க. தீ புடிச்சா வெளிய வர வழி வேணும். ஒரு ரூமுக்கு ஒரு ஜன்னல்லயாவது கதவு மாதிரி தொறக்கற கிரில் வச்சு, பூட்டுச் சாவிய பெரியவங்க கைக்கு எட்டற உயரத்துல அதே ரூம்ல மாட்டி வைங்க, பீரோவுக்குள்ள வைக்காதீங்க.

கிரில்லே போட விடமாட்டேங்கறாங்கன்னா ஸ்லைடிங் ஜன்னலுக்கு ஸ்டாப்பர்னு ஒண்ணு வருது, ஜன்னல் கதவு ஓடற தண்டவாளத்துல மாட்டுனா கதவு 4 இஞ்சுக்கு மேல நகராது, காத்து வரும் குழந்தை போகாது. வெளித் தள்ற ஜன்னலுக்குச் சின்ன இரும்புக் கயிறு போட்ட லாக் கிடைக்குது. இன்விசிபிள் கிரில்னு வயர் இழுத்துக் கட்டறாங்களே, அது நல்ல ஸ்டெயின்லெஸ் வயரா இருந்து, நெருக்கமா இழுத்து, லூஸ் ஆகாமப் பாத்துக்கிட்டா ஓகே, லூஸ் ஆன வயர ரெண்டு விரலால வெலக்கலாம், அதனால அப்பப்போ இழுத்துப் பாத்து டைட் பண்ணச் சொல்லுங்க. ஜன்னல் பிளைண்ட்ஸோட தொங்கற கயிறயும் மேல தூக்கிக் கட்டுங்க, கழுத்துல சுத்திக்கும், பல நாடுகள்ல அதனாலயே குழந்தைங்க செத்துருக்காங்க.

இப்ப இதுக்கெல்லாம் யாரு காசு குடுக்கறதுங்கறதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. நியூயார்க்ல 1970கள்ல நெறைய குழந்தைங்க மாடி ஜன்னல்லருந்து விழுந்தாங்க, அதுவும் ஏழை ஜனங்க இருந்த பகுதிகள்ல. அந்த ஊர் சுகாதாரத் துறை 'குழந்தைகளால பறக்க முடியாது'ன்னு அர்த்தம் வர்ற பேர்ல ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, வீடு வீடாப் போய் எடுத்துச் சொன்னாங்க, சின்னக் குழந்தை இருக்கற குடும்பங்களுக்கு ஜன்னல் கம்பிய இலவசமாவே குடுத்தாங்க. நியூயார்க்கோட பிராங்ஸ் பகுதில 1973லருந்து 1975க்குள்ள விழற சம்பவம் பாதியாக் கொறஞ்சுது. அதோட விடல, 1976ல விதி போட்டாங்க, 10 வயசும் அதுக்குக் கீழயும் குழந்தை இருக்கற வாடகை வீட்ல ஜன்னல் கம்பி போட வேண்டியது வீட்டு ஓனரோட கடம. குழந்தை இருக்கான்னு வருஷா வருஷம் ஓனர் நோட்டீஸ் குடுத்துக் கேக்கணும். ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ்லயும் அப்டித்தான், 2018 மார்ச்சுக்குள்ள அபார்ட்மெண்ட் நிர்வாகங்க எல்லாம் ஆபத்தான ஜன்னல்கள்ல 12.5 சென்டிமீட்டருக்கு மேல தொறக்காத மாதிரி லாக் போட்டாகணும்னு சட்டம். அந்த ஊர் அம்மாக்கள் நம்ம அம்மாக்களவிட கவனமானவங்கன்னு இல்ல, பொறுப்ப யாரு மேல வைக்கணுமோ அவங்க மேல வச்சாங்க.

இங்க வாடகை அக்ரிமெண்ட்ல சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு மறக்காம எழுதறாங்க, ஜன்னலப் பத்தி ஒரு வரி கெடையாது. நாங்க முன்னாடி இருந்த வீட்ல ஓனர்கிட்ட எங்க செலவுலயே கிரில் போட்டுக்கறோம்னு கேட்டும் டைல்ஸ் ஒடஞ்சுடும்னு விடல, கடைசில வீட்டயே மாத்துனோம். சில அபார்ட்மெண்ட்ல வெளித்தோற்றம் கெட்டுடும்னு அசோசியேஷனே தடுக்குது. ஒரு குழந்தை உயிரவிட எலிவேஷன் பெருசுன்னு சொல்றவங்ககிட்ட எனக்குப் பொறுமையே இல்ல. வெளிய தெரியறதுதான் பிரச்சனன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரி நேர்க்கம்பி டிசைன் ஒண்ணு முடிவு பண்ணி உள்பக்கமாப் போடச் சொல்லுங்களேன்.

"நாங்கள்லாம் இப்டியா வளந்தோம்"னு எழுதப் போறவங்களுக்கு ஒண்ணு. நீங்க வளந்த வீட்டு ஜன்னல நெனச்சுப் பாருங்க, மரச்சட்டத்துல நெருக்கமா உருண்டைக் கம்பி நேரா எறங்கியிருக்கும், அதுக்கு வெளிய மண் தரை. இப்ப தரைலருந்து ரெண்டடில திண்டு, அதுக்கு மேல பூரா கண்ணாடி, வெளிய எட்டு மாடி.

வாடகை வீடு பாக்கறவங்க தண்ணி, பார்க்கிங் கேக்கற மாதிரி அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கிரில் யாரு போடுவாங்கன்னு கேட்டு அக்ரிமெண்ட்ல எழுதி வாங்குங்க, அட்வான்ஸ் குடுத்த பிறகு கேட்டா யாரும் மதிக்க மாட்டாங்க. ஓனரா இருக்கறவங்க குழந்தையோட குடி வந்தா அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே போட்டுக் குடுங்க. அசோசியேஷன்ல இருக்கறவங்க அடுத்த மீட்டிங்ல இத ஒரு பாயிண்ட்டா வைங்க. நேர்க்கம்பி போடற அந்தப் பட்டறை அண்ணன் நம்பர் வேணும்னா இன்பாக்ஸ்ல கேளுங்க, தாம்பரத்துலருந்து கிண்டி வரைக்கும் வந்து அளவு எடுப்பாரு.