தேங்காய் உங்களுக்கு, மட்டை எங்களுக்கா?

போன மாசியில் ஒரு மத்தியானம், கொல்லைப்புறம் டமார் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பைக் நிறுத்தும் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஓர் ஓட்டை. அளவெடுத்து அறுத்த மாதிரி வட்டமாக இருந்தது. பைக் சீட்டுக்கு ஒரு சாண் தள்ளி நெற்று ஒன்று கிடந்தது. ஐந்து நிமிடத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் காம்பவுண்ட் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "தம்பி, நெத்து ஒண்ணு அந்தப் பக்கம் விழுந்துச்சா?"

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார், தண்ணி இருக்கிறதா என்று. திருப்தியாகப் போய்விட்டார். ஓட்டையைப் பார்க்கவே இல்லை.

கெட்ட மனிதர் இல்லை. என் அப்பாவை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவர் கார்தான். ஆனால் மரம் என்று வந்துவிட்டால் நம் ஊரில் எல்லோருமே இப்படித்தான். காய்க்கும்போது அது நம் மரம். உதிர்க்கும்போது அது இயற்கை.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது தோப்பு தோப்பாகத் தென்னை படுத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. முப்பது வருஷ மரத்துக்கு 1,100 ரூபாய். அண்ணன் வீட்டில் நான்கு நின்றன, மூன்று போய்விட்டன. மிச்சமான ஒன்று எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த தென்னை சாய்ந்தபடியே வளராது, குருத்து மறுபடி வானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அப்படி வில் மாதிரி வளைந்து, அடி அவர் கொல்லையில், தலை எங்கள் கொட்டகைக்கு மேல். அந்த மரத்தின் மேல் அவர் வீட்டில் எல்லோருக்கும் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. "அது எங்க மாமியார் வச்ச கன்னு" என்று அண்ணி சொல்லும்போது அதற்கு மேல் பேச வாய் வராது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். எல்லை தாண்டிய கிளையை வெட்டலாமா என்று நேரடியாகச் சொல்லும் தனிச் சட்டமெல்லாம் இல்லை, வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்புகளின் வழியில்தான் நம் நீதிமன்றங்களும் போகின்றன என்றார். 1894இல் லண்டனில், அப்போது கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த லெமன் எதிர் வெப் வழக்கு அதில் முக்கியமானது. உங்கள் எல்லைக்குள் நீட்டிய கிளையை, அவர் மண்ணில் கால் வைக்காமல், எல்லைக்கோடு வரைக்கும் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். வேருக்கும் அதேதான். ஐம்பது வருஷமாக நீட்டிக்கொண்டிருந்தது என்பதால் மரக்காரருக்கு உரிமை வந்துவிடாது. ஆனால் வெட்டிய கொப்பும் அதிலிருக்கும் காயும் மரக்காரருக்கே சொந்தம். உங்கள் தலைக்கு மேல் தொங்கும் மாங்காயும் உங்களுடையது இல்லை.

எல்லாம் சரி, தென்னைக்கு என்ன செய்வது? அதற்குக் கிளை ஏது? மொத்த மரத்துக்கும் ஒரே குருத்து. எல்லைக்கோட்டில் வெட்டினால் எங்கள் பக்கம் விழுவது மரத்தின் தலை. அப்புறம் அது மரமில்லை, கம்பம். லண்டனில் தீர்ப்பு எழுதியவர்கள் தென்னையை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். விழுந்து ஆட்களுக்குக் காயம் உண்டாக்கும் நிலையில் ஒரு மரம் இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 152. மரத்தை அகற்றவோ, முட்டுக்கொடுத்து நிறுத்தவோ உத்தரவு போடலாமாம். அந்த 'முட்டுக்கொடுத்து' என்ற வார்த்தையை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். வெட்டு, வெட்டாதே என்பதற்கு நடுவில் இப்படி ஒரு வழியும் இருக்கிறது என்று எங்கள் இரண்டு வீட்டிலும் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

நம் தெருக்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. எங்கள் தெருக்கோடியில் ஒரு வேப்பமரம் இருந்தது. மரக்காரர் திருப்பூரில் வேலை. பங்குனியில் சருகு, சித்திரையில் பூ, ஆடியில் பழம் என்று மொட்டை மாடி பூராவும் கொட்டுகிறது என்பது பக்கத்து வீட்டுக்காரரின் புலம்பல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் ரம்பத்துடன் ஆள் கூட்டிவந்து தன் பக்கத்துக் கொப்பு அத்தனையையும் கழித்துவிட்டார். எல்லைக்கு அப்பால் ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. பாதித் தலை மழித்த மாதிரி நின்ற மரம், அடுத்த வருஷக் காற்றில் பாரம் இருந்த பக்கமே, அதாவது மரக்காரர் வீட்டுச் சமையல்கட்டின் மேலேயே விழுந்தது. ஸ்டேஷனுக்குப் போனார்கள். இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க என்று மனு ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. வெட்டியவர் பக்கம் சட்டம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு போன் போட்டு, "ரெண்டு பக்கமும் சேர்த்துக் கழிச்சு விட்டுடலாமா"ன்னு கேட்டிருந்தால் மரமாவது நின்றிருக்கும்.

இவ்வளவு நியாயம் பேசுகிற நான் என் வீட்டு முருங்கையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்பக்கச் சுவரோரம் அம்மா நட்ட போத்து. "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்" என்று பழமொழி சொல்வதோடு சரி, ஒரு வருஷமும் ஒடித்ததில்லை. காய் எட்டுகிற மட்டும் துறட்டி, எட்டாததற்கு எதிர்ச்சாரி அக்கா வீட்டு மாடி. ஓர் ஐப்பசி மழையில் கம்பளிப்பூச்சி பிடித்தது. பகலில் அடிமரத்தில் சாக்கு போர்த்தியது போல் அப்பியிருக்கும். எங்கள் சுவரைத் தாண்டி, இடது கை வீட்டு ஜன்னல், துணிக்கொடி, திண்ணை எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளக்குமாற்றால் தள்ளித் தள்ளி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டிருக்கிறார். பேரனுக்குக் கழுத்தெல்லாம் தடித்து ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதற்கு முதல் நாள்கூட அவர்கள் வீட்டுக்கு நாங்கள் பத்து முருங்கைக்காய் கொடுத்தனுப்பியிருந்தோம், தர்மம் செய்கிற மாதிரி.

அன்று சாயங்காலமே கழியில் துணிப்பந்தம் கட்டிப் பூச்சியைப் பொசுக்கினேன். மறுநாள் மரத்தை இடுப்பளவுக்கு வெட்டினோம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. முருங்கைக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பெரியகுளத்திலிருந்து வந்த செடிமுருங்கையைக்கூட அறுப்பு முடிந்ததும் மூன்றடி விட்டு வெட்டத்தான் விவசாயக் கல்லூரிக்காரர்கள் சொல்கிறார்கள். அடுத்த தைக்குள் தளிர்த்து, கை எட்டும் உயரத்தில் காய்த்தது. இத்தனை வருஷம் எதற்குத் துறட்டி தூக்கினோம் என்று ஆகிவிட்டது.

அதனால் என் கட்சி இதுதான்: பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்கும்வரை காத்திருப்பதே மரக்காரரின் தப்பு. கூலியும் மரக்காரரே கொடுக்க வேண்டும். தென்னை மாதம் ஒரு மட்டையாவது தள்ளும், வருஷத்துக்குப் பன்னிரண்டு. விழுந்த நெற்றுக்குச் சுவரெட்டிப் பார்க்கிறவர், விழுந்த மட்டைக்கும் எட்டிப் பார்க்க வேண்டாமா? "நிழல் உங்களுக்கும்தானே வருது" என்பார்கள். வருகிறது, வெயில் காலத்தில் நன்றாகவே இருக்கிறது. அதற்காக யாரும் தலையில் தேங்காய் விழ ஒத்துக்கொள்வதில்லை. சுவரோரம் கன்று வைக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பது இன்னொன்று. கன்றாக இருக்கும்போது எல்லாமே சின்னதாகத்தான் தெரியும்.

ஆடியில் ஒரு நாள் அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். மனு, பிரிவு எதையும் எடுக்கவில்லை. ஓட்டையை மட்டும் காட்டினேன். "இதுவா... சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். ஐந்தாறு மாதமாக அவர் கண் எதிரில்தான் இருந்தது. போகட்டும். மரம் ஏறுகிறவரைக் கூப்பிட்டு நெற்று, காய்ந்த மட்டை, பாளை எல்லாம் இறக்கினார். மரத்தின் மேல்பாகத்தில் பழைய டயர் துண்டைச் சுற்றி, அதன் மேல் கம்பி போட்டு, அவர் கொல்லைப் புளியமரத்தின் அடியோடு இழுத்துக் கட்டினோம். கம்பி அவர் செலவு, டயர் என்னுடையது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆள் ஏறுவது என்று பேச்சு.

கொட்டகைக்கு நான் ஆஸ்பெஸ்டாஸ் போடாமல் தகர ஷீட் போட்டேன். அதில் ஒரு குரும்பை விழுந்தாலே வெடி போட்ட மாதிரி கேட்கிறது. போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று விழுந்தது. அண்ணன் வீட்டில் லைட் எரிந்தது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது மரம் ஏறுகிறவரோடு அவரே வந்து நின்றார்.