எல்டிஏசி புளூடூத்தில் ஹை-ரெஸ் இசை இழப்பின்றி வருகிறதா?

எல்டிஏசி என்ற புளூடூத் ஒலிக்கடத்தல் வசதியுள்ள பிளேயரும் ஹெட்போனும் இருந்தால் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கொண்ட ஹை-ரெஸ் (உயர்தர) இசைக் கோப்பு சிறிதும் குறையாமல் கம்பியின்றியே காதுக்கு வந்துவிடும் என்று இத்திரியில் பலர் பகிர்ந்துள்ளனர். பணிவுடன் சொல்கிறேன், அது சரியன்று. சோனி உருவாக்கிய எல்டிஏசி, தரவின் ஒரு பகுதியை நீக்கிச் சுருக்கி அனுப்பும் முறையாகும். 24/96 ஒலியை ஏற்றுக்கொள்வது வேறு, அதை முழுமையாகக் கடத்துவது வேறு.

இதைச் சரிபார்க்க ஒரு பெருக்கல் கணக்கே போதும். 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 96,000 ஒலி மாதிரிகள்; அவற்றை 24 பிட்டாலும் இரண்டு சேனல்களாலும் பெருக்கினால் நொடிக்கு 4,608 கிலோபிட் வருகிறது. ஃப்ளாக் போன்ற இழப்பற்ற சுருக்கம் இதைப் பாதியாக்கினாலும், எல்டிஏசியின் உச்ச வேகமான 990 கிலோபிட்டுக்குள் அது அடங்காது. அந்த 990-உம் எப்போதும் கிடைப்பதில்லை என்பதைத்தான் வாங்குபவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: இணைப்பின் நிலையைப் பொறுத்துத் தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்பில், அலைவரிசை நெரிசல் மிகுந்த ரயில் நிலையம் போன்ற இடங்களில், அது 660-க்கோ 330-க்கோ இறங்கக்கூடும். ஆண்ட்ராய்டு சாதனம் வைத்திருப்பவர்கள், ஹெட்போனை இணைத்தபின் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் எல்டிஏசியின் ஒலித்தர அமைப்பைத் திறந்தால், இந்த மூன்று எண்களையும் அங்கேயே காணலாம்.

எல்டிஏசி கேட்க நன்றாகவே இருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இழப்பற்ற ஒலி வேண்டும் என்பதற்காகவே பணம் செலவிடுபவர், பிளேயரின் ஹெட்போன் துளையில் கம்பியைச் செருகிக் கேட்பதே பொருத்தம்.