பால் கேட்கிறவர்கள் புல்லைப் பற்றிக் கேட்பதில்லை

தைப்பூசம் நெருங்கிவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. "அண்ணே, பால்குடத்துக்கு அஞ்சு லிட்டர் எடுத்து வைங்க. தண்ணி கலக்காத பாலா பார்த்துக் கொடுங்க." பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான், மாடே கலந்துதான் தருகிறது என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. சரி, சாமி காரியம், விளையாடக் கூடாது. ஆனால் பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஊரே பாலோடு கிளம்புகிற அதே சமயத்தில்தான் எங்கள் மாடுகள் பாலைக் குறைக்கும்.

காரணம் புல். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்குப் பக்கம் மழை ஓய்ந்துவிடும். எங்கள் ஊர் சுங்கை பாக்காப்பில் வாய்க்கால் ஓரம்கூடக் காய்ந்து கிடக்கும். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். ஃப்ரீசியன் என்ற குளிர்நாட்டு இனத்தின் கலப்பு மாடு என்றால் வெயில் ஏறியதுமே மூச்சிரைக்கும், தீனியில் வாய் வைக்காது. அப்புறம் பால் எங்கிருந்து வரும்?

மாட்டு வேலை என்றால் பால் கறப்பது என்று பலர் நினைக்கிறார்கள். விடியுமுன் சாணி அள்ளி, தரையைக் கழுவி, மடியைத் துடைத்து, கன்றை ஊட்டவிட்டுச் சுரந்ததும் கறக்கிறோம். புது ஆள் யாராவது பக்கத்தில் நின்றால் போதும், பாலை அடக்கிக்கொள்ளும். இதெல்லாம் பழகிப்போன வேலை. கறந்து முடித்து, லோரியை எடுத்துக்கொண்டு புல்லுக்கு அலைகிறோமே, அதுதான் ஆளைக் கொல்கிறது.

தாத்தா காலத்தில் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மாட்டைக் கட்டினார்கள், ரப்பர் மரங்களுக்கிடையே மேய்த்தார்கள். ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமானது, செம்பனை வீடமைப்புத் தாமானானது. இப்போது அவிழ்த்துவிட்டால் மாடு ரோட்டுக்குத்தான் போகும். சாலையோரத்தில் அறுக்கலாம் என்றால் அங்கே களைக்கொல்லி மருந்து அடித்திருப்பார்கள். அடித்த அன்றைக்குப் புல் பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும், மஞ்சளாகச் சில நாள் பிடிக்கும். அதனால் புதிய இடத்தில் கத்தி வைக்குமுன் ஒரு பிடியைப் பிடுங்கி மோந்து பார்ப்பேன். பக்கத்துக் கடையில் தேத்தண்ணீர் குடிப்பவர்களிடமும் விசாரிப்பேன். அவர்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

புல் குறைந்தால் செம்பனைப் புண்ணாக்கு, சோயாச் சக்கை. சக்கை மலிவுதான், ஆனால் இந்தச் சூட்டில் மறுநாளே புளித்துவிடும். புண்ணாக்கு விலை ஏறினால் அடுத்த மாதம் இறங்கும் என்று சொல்வார்கள். அது இறங்கி நான் பார்த்ததில்லை. இதற்கிடையே மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அதுவும் பாதி நேரம் ராத்திரியில். கவனித்துச் சினைப்படுத்தாமல் விட்டால் அடுத்த பருவம்வரை போட்ட தீனிக்குக் கணக்கே இல்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் வீடு வாங்கி வந்தவர்கள் சாணி நாற்றம் என்று புகார் கொடுப்பது தனிக் கதை.

இவ்வளவும் போக, வருஷம் முழுக்கப் பெட்டிப் பால் வாங்குகிற வீடு, பூசத்துக்கு முதல்நாள் வந்து "ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்கும்போதுதான் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. மாட்டுக்கு நாள்காட்டி தெரியாது அக்கா. பூசத்துக்கென்று ஒரு சொட்டுகூட அதிகமாகச் சுரக்காது.

அதனால் இந்த முறை ஒரு முடிவு. தினமும் அரை லிட்டர் வாங்குகிற வீடுகளுக்குப் பால்குடத்துக்கு முதலில் கொடுப்பேன், வழக்கமான விலைக்கே. மீதி இருந்தால் மற்றவர்களுக்கு. கோபித்துக்கொள்கிறவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் மட்டும் அடிக்காதீர்கள்.