பில்லபிள் ஹவரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்

வக்கீல் ஆபீஸுக்கு மென்பொருள் விற்க வருகிறவர்களை ஒன்று கேட்கிறேன். வாழ்நாளில் ஒரு தடவையாவது முன்சீஃப் கோர்ட் வராந்தாவில் நின்றிருக்கிறீர்களா?

வாயைத் திறந்தாலே 'பில்லபிள் ஹவர்'. ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கு வைத்து பில் போடுவது அமெரிக்க வக்கீல்களின் வழக்கம். இங்கே கட்சிக்காரர் பிராது போடும்போது பாதி ஃபீஸ் தருவார், மீதிக்கு 'அறுப்பு முடியட்டும் சார்' என்பார். அதை உங்கள் மென்பொருளில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது? அடுத்து 'கிளையன்ட் போர்ட்டல்'. கட்சிக்காரரே ஓடிபி போட்டு உள்ளே போய் கேஸ் நிலவரம் பார்த்துக்கொள்வாராம். ராத்திரி ஒன்பதரை மணிக்கு போன் அடித்து 'சார், வாய்தா என்னைக்கு?' என்று கேட்கிற மனுஷனா ஓடிபி போடப் போகிறார்? இதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா, அதுவும் டாலரில்.

வாய்தா பார்க்க எனக்குப் பைசா செலவில்லை. கோர்ட் வழக்கு நிலவரம் காட்டும் அரசின் ஈகோர்ட்ஸ் செயலி இலவசம். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16 இடம் கொண்ட சிஎன்ஆர் என்ற அடையாள எண் உண்டு. ஒரு தடவை போட்டுச் சேமித்துவிட்டால் இன்றைக்கு என்னென்ன கேஸ் என்று காட்டிவிடும். குறை இல்லாமல் இல்லை. சேமித்த பட்டியல் போனுக்குள்ளேயே கிடக்கும், எக்ஸ்போர்ட் செய்து வைக்காமல் போனைத் தொலைத்தால் கோவிந்தா. கோர்ட்டில் சாயங்காலம் தேதியை ஏற்றாவிட்டால் செயலியும் பழைய தேதியையே காட்டும். எங்கள் குமாஸ்தா அண்ணன் இன்னும் டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைவது சும்மா இல்லை.

சரி, அதெல்லாம் போகட்டும். என் உண்மையான வயிற்றெரிச்சல் எழுத்துருவில்தான்.

எங்கள் கோர்ட் வாசல் டைப்பிங் சென்டரில் இன்னமும் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்கள்தான். அந்த ஃபைலை என் கணினியில் திறந்தால் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சாய்கோடும் கொட்டிக் கிடக்கும். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கிலக் குறியீடு, தமிழ் வெறும் மேல்போர்வை. எழுத்துருவை நிறுவினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், அவ்வளவுதான். நாற்பது பக்க பிராதில் பிரதிவாதி பெயரைத் தேடிப் பாருங்கள், சிக்காது. சர்வே எண் மட்டும் சிக்கும், அது வெறும் எண் என்பதால். இ-ஃபைலிங் பக்கத்தில் ஒட்டினால் குப்பை. இலவச மாற்றியில் போட்டு, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு ஆக்கலாமே என்பார்கள். ஆக்கினேன். தமிழெல்லாம் ஒழுங்காக வந்தது, நடுவில் ஆங்கிலத்தில் இருந்த 'ஓ.எஸ்.' (ஒரிஜினல் சூட், அதாவது அசல் சிவில் வழக்கு) மட்டும் 'ழு.ளு.' ஆகிவிட்டது. ஓ.எஸ். எண் 'ழு.ளு. எண்' என்று போனால் ஃபைலிங் செக்ஷனில் என்ன மரியாதை கிடைக்கும்? தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். அந்த ஆண்டு பிறந்த குழந்தை பிளஸ் டூ பக்கம் வந்துவிட்டது! ஆங்கிலத்தைத் தொடாமல் தமிழை மட்டும் மாற்றும் ஒரு கருவியை எவராவது உருப்படியாகச் செய்து கொடுங்கள், ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டுகிறேன். அதை யாரும் செய்ய மாட்டார்கள். 'ஏஐ மனு எழுதும் சார்' என்று மட்டும் வருவார்கள். 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்கள் 5,000 டாலர் தண்டம் கட்டிய கதை அவர்கள் டெமோவில் வராது.

கடைசியாக வந்தவர் ஒரு படி மேலே போனார். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் அமலில் இருக்கிறதல்லவா, மின்னணுச் சாட்சியத்துக்கு 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பை, அதாவது ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை மாதிரியான குறியீட்டை, எழுத வேண்டும். அதற்கென்று தனி மாட்யூல், தனிக் கட்டணமாம். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஃபைல் பெயரைக் கொடுத்து எஸ்ஹெச்ஏ256 என்று அடித்தால் ஹாஷ் வந்து விழுகிறது. அவர் எதிரிலேயே அடித்துக் காட்டினேன். அப்புறம் கேட்டேன், சான்றிதழின் பி பகுதியில் நிபுணர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமே, அந்த ஆளைப் பிடிப்பதுதான் இங்கே பெரும்பாடு, அதற்கு உங்களிடம் ஏதாவது உண்டா?

"அடுத்த வெர்ஷன்ல வரும் சார்" என்றார்.